ஒன்று இல்லாத வீடு

மாமனாரின் திதி நாளில் மருமகள் அழுதுகொண்டிருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் குயென் விடிந்ததிலிருந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே; சமையலறையில் அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

"அண்ணி, வந்தவங்களுக்குச் சாப்பாடு போடப் போறோமா, வெங்காயக் கடை வைக்கப் போறோமா?" என்று கேட்டபடி தாம் என்ற நாத்தனார் உள்ளே வந்தாள். கையில் வாழையிலை சுற்றிய, பசைபோல ஒட்டும் ஒட்டரிசி உருளைகள், தோளில் ஈரத் துண்டு. மலைபோலக் குவிந்திருந்த வெங்காயத்தைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். உருளைகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள்.

போன வார அத்தியாயத்தில் குயெனைக் கைபேசியும் கையுமாகப் படகுத்துறையில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். ஹனோயிலிருந்து வந்திருக்கும் மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் டாக்டர் பாங், நேற்று போனில் சொன்னது இவ்வளவுதான்: "உங்க முப்பது வரிசையையும் நானே பார்த்தேன். பிழைக்கும்னு நீங்க சொன்னதுல பாதி செத்துக் கிடக்கு. சாகும்னு சொன்னதுல பாதி ஜம்முனு நிக்குது. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே கணக்குத்தான் வந்திருக்கும். நாளைக்குக் குழுவோட வர்றேன். முடிச்சுக்குவோம்."

முடிச்சுக்குவோம் என்ற அந்த ஒரு வார்த்தையில் பன்னிரண்டு வருஷம் அடங்கியிருந்தது. வடக்கே நாம் தின் என்ற ஊரில் பிறந்து, பிலிப்பைன்ஸில் கொசுக்கடியோடு டாக்டர் பட்டம் வாங்கி, தெற்கே கான் தோ ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தவள் குயென். உப்பு நீரில் நின்று பிழைக்கும் முரட்டுச் சிவப்பு நெல்லையும், வாயில் வைத்தால் கரையும் நல்ல அரிசியையும் ஒட்டுப் போட்டு, பேரப் பிள்ளைகள் வரைக்கும் வளர்த்து, அதில் எது தாத்தாவின் வீரத்தைத் தாங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

வீரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அந்த மரபணுவுக்கு ஒட்டினாற்போல், அடுத்த வீட்டுக் கதவு மாதிரி ஓர் அடையாளம் உண்டு. அதைத்தான் மார்க்கர் என்பார்கள். நாற்று விரல் நீளம் இருக்கும்போதே இலையில் ஒரு துண்டு கத்தரித்துச் சோதனைச்சாலையில் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், சிலதுக்குக் கோடு விழும். கோடு விழுந்த நெல் உப்பைத் தாங்கும், விழாதது சாகும். வயலில் நட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இந்த மார்க்கரைக் கண்டுபிடித்தவள் குயென். அது நிஜம்தானா என்பதற்குத்தான் இந்தப் பருவம் பரீட்சை. எது பிழைக்கும், எது சாகும் என்று முப்பது விதைப் பொட்டலத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் குழுவிடம் கொடுத்துவிட்டாள். தாமின் வயலில் நட்டார்கள். மதகைத் திறந்து கடல் நீரை உள்ளே விட்டார்கள். பதில் நேற்று வந்துவிட்டது.

"பொக்லைன்காரன் வந்துட்டான்," என்றாள் தாம், தட்டைப் பார்த்தபடியே. "சாப்பிட்டதும் வேலையை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன்."

குயென் கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னைக்கேவா?"

"ஒரு பருவம் கேட்டீங்க, குடுத்தேன். ரெண்டு வருஷமா உப்பு தின்ன நிலம் அண்ணி. சுத்தி இருக்கிறவன் எல்லாம் இறால் குட்டை வெட்டி வீட்டுக்கு மாடி கட்டிட்டான். நான் மட்டும் செத்த நெல்லுக்குக் காவல் இருக்கேன்."

"ஒரு தடவை குட்டை வெட்டிட்டா அப்புறம் அந்த மண்ணுல நெல்லு வராது, தாம்."

"இப்ப மட்டும் வந்துடுச்சாக்கும்?"

சொன்ன பிறகு தாமுக்கே சுருக்கென்றது. ஒரு வெங்காயத்தை எடுத்துத் தானும் உரிக்க உட்கார்ந்தாள். ஒரே முறத்தின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதில் எவ்வளவு வெங்காயத்தால் வந்தது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

கொல்லைப் பக்கம் இளநீர் சீவிக்கொண்டிருந்த தாவோ, மனைவியைத் தனியாகப் பிடித்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். தங்கைக்கு மட்டும் பயப்படுகிறவன்.

"குயென், பாங் சொன்னா சொல்லிட்டுப் போறார். ஆராய்ச்சியை மூடற தாள்ல நீ கையெழுத்துப் போடாதே. மறுபடி ஒரு பருவம் கேளு."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? அவர் பொய் சொல்லலங்க. விடியறப்பவே நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். முதல் வரிசை செத்துக் கிடக்கு. அது நல்லா பிழைக்கும்னு எழுதிக் குடுத்தவ நான்தான்."

"ஒருவேளை தண்ணி சரியா..."

"தண்ணி எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் ஏறிச்சு." அவள் குரல் உடைந்தது. "என் மார்க்கர் பொய்யிங்க. பக்கத்து வீட்டுக் கதவுன்னு நினைச்சு பன்னிரண்டு வருஷமா வேற யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கிட்டிருந்திருக்கேன்."

 தாவோ சீவின இளநீரை அவள் கையில் கொடுத்தான். குடித்தாள். அந்த வீட்டில் ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் எதையாவது கையில் கொடுப்பார்கள்.

குழு வந்து சேர்ந்தபோது வாசலில் பத்து மோட்டார் சைக்கிளும் நாலு படகும் நின்றன. டாக்டர் பாங் வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி. கூடவே இரண்டு உறுப்பினர்கள். வயலைப் பார்க்கலாம், கையெழுத்தை வாங்கலாம், பொழுது சாய்வதற்குள் கான் தோ திரும்பலாம் என்று வந்தவர்கள், கூடம் நிறையப் பந்தியைப் பார்த்ததும் திகைத்து நின்றார்கள்.

அவர்களை வழிமறித்தவர் அஞ்சு சித்தப்பா. மெகாங் கரையில் பிறந்த வரிசைதான் வீட்டுப் பெயர். இவர் மாமனாரின் தம்பி. சாராயக் குடுவை ஒரு கையில், சின்னக் கிண்ணம் மறு கையில்.

"எங்க போறீங்க? என் அண்ணனுக்கு இன்னைக்குத் திதி. வாசப்படி மிதிச்சவன் சாப்பிடாம போனா அவன் என்னைத்தான் கனவுல வந்து உதைப்பான்."

"நாங்க வேலையா வந்திருக்கோம் ஐயா," என்றார் பாங்.

"சாப்பிடறதும் வேலைதான். பொக்லைன்காரனைப் பாருங்க, வந்த வேலையை விட்டுட்டு மூணாவது கிண்ணம் சோறு திங்கறான். அவனுக்கு இருக்கிற பொறுப்பு உங்களுக்கு இல்லையா?"

பொக்லைன்காரன் வாய் நிறையச் சோற்றோடு வணக்கம் சொன்னான். பாங் வேறு வழியில்லாமல் காலணியைக் கழற்றினார்.

குயெனையும் தாமையும் அவருக்கு எதிரில் உட்காரவைத்தார்கள். தேங்காய் நீரில் கொதித்த பன்றிக்கறியும் முட்டையும், புளிப்பு மீன் சாறு, பொரித்த கெளுத்தி, பச்சைக் கீரைகள். பாங் நல்ல மனிதர்தான். சாப்பாட்டின் நடுவே தானாகவே சொன்னார்: "டாக்டர் குயென், தப்பா எடுத்துக்காதீங்க. நான் முப்பது வருஷமா நெல்லைக் கண்ணால பார்த்துத் தேர்ந்தெடுக்கறவன். ஜெல்லுல விழற கோட்டை நான் நம்பினதில்ல. ஆனாலும் உங்களுது ஜெயிக்கணும்னு ஆசையாத்தான் இருந்தது."

"தெரியும் சார்."

"கையெழுத்து ஒரு சம்பிரதாயம்தான். உங்க சோதனைச்சாலையை வாழை ஆராய்ச்சிக்காரங்க கேக்கறாங்க."

தாவோவின் கரண்டி நின்றது. குயென் தலையைக் குனிந்துகொண்டு ஒரு முட்டையைச் சாப்பாட்டுக் குச்சியால் பிடிக்கப் பார்த்தாள். அது நழுவிக்கொண்டே இருந்தது.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று பாங் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "உங்க குடும்பம் பெரிசு போல. யாரு எந்த வரிசைன்னே புரியல."

சித்தப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? குடுவையாலேயே சுட்டிக் காட்டினார். "நான் அஞ்சு. அதோ படத்துல சாமியா உக்காந்திருக்கானே, என் அண்ணன், அவன் நாலு. அவன் பெத்த மூத்தவன், இந்த வாத்தியார், ரெண்டு. இந்தப் பொண்ணு மூணு. இன்னொருத்தன் சைகோன்ல பியர் விக்கறான், அவன் கடைக்குட்டி."

"சரி, ஒண்ணு யாரு?" என்று கேட்டார் பாங். "இறந்துட்டாரா?"

 கூடமே வெடித்துச் சிரித்தது. பொக்லைன்காரனுக்குப் புரையேறியது.

"ஒண்ணாவது!" சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "இந்த வீட்டுல ஒண்ணே கிடையாதய்யா. இந்தக் கரை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. ஹனோய்ல நீங்க மூத்தவனை மூத்தவன்னு கூப்பிடுவீங்க. இங்க மூத்ததுக்கே ரெண்டுன்னுதான் பேரு. ஒண்ணுன்னு கூப்பிட்டா பேய்க்குக் காது கேட்டுடும். தலைச்சன் பிள்ளையாச்சேன்னு தூக்கிட்டுப் போயிடும். ரெண்டுன்னு கூப்பிட்டா, ஓஹோ, ஒண்ணை வேற எவனோ முன்னாடியே தூக்கிட்டான் போலன்னு ஏமாந்து திரும்பிடும்."

"பேயையே ஏமாத்தறீங்களா?"

"மனுஷனை ஏமாத்தினா போலீஸ் வருது. பேய் எங்க போய்ப் புகார் குடுக்கும்?"

மறுபடியும் சிரிப்பு. குயென் சிரிக்கவில்லை. அவள் பிடித்திருந்த முட்டை மீன் சாற்றுக்குள் தொப்பென்று விழுந்து பாங்கின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

பதினெட்டு வருஷமாக அவளையே இந்த ஊர் ரெண்டின் பெண்டாட்டி என்றுதான் கூப்பிடுகிறது. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது.

"மூணு," என்றாள். தாம் என்று பெயர் சொல்லியே கூப்பிடுகிறவள் வாயில் அன்றைக்கு அந்த எண் தானாக வந்தது. "எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீதானே நட்டே? பொட்டலத்தை நான் நம்பர் போட்டிருந்த வரிசைப்படிதானே எடுத்தே?"

"இப்ப எதுக்கு அது? ஆமா, வரிசைப்படிதான்."

"முதல் பொட்டலத்தை நட்டதும் மூங்கில் கம்பு ஒண்ணு நட்டியே, அதுல என்ன நம்பர் எழுதினே?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"பின்ன? உப்பு ஏறப் போற வயல்ல தலைவரிசையில கொண்டுபோய் ஒண்ணுன்னு எழுதி வைப்பாங்களா?" தாமுக்குக் கோபமே வந்துவிட்டது. "ரெண்டு வருஷமா ஒரு மணி நெல்லு வீட்டுக்கு வரல. அதுவும் உங்க நெல்லு. பிள்ளை மாதிரி வளர்த்து என் கையில குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீங்க. பேய் தூக்கிட்டுப் போச்சுன்னா நான் எந்த முகத்தோட உங்க முன்னால வந்து நிப்பேன்?"

 வாய் ஓயாமல் திட்டுகிற இந்த நாத்தனார், அண்ணியின் நெல்லைத் தலைச்சன் பிள்ளையாக நினைத்துக் காவல் காத்திருக்கிறாள்! குயெனுக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை.

"சார், நீங்க கணக்கெடுத்தப்ப ஒண்ணாம் நம்பர் கம்பு இருந்ததா?"

பாங் சட்டையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "இல்ல. முதல் வரிசையில கம்பே இல்ல. விழுந்திருக்கும்னு நினைச்சு அதையே ஒண்ணுன்னு எழுதினேன்."

"அது என் நெல்லு இல்ல சார். ஓரத்துல காவலுக்கு நட்ட சாதாரண நெல்லு. கடைசியில?"

"கடைசியில முப்பத்தொண்ணுன்னு ஒரு கம்பு இருந்தது. உங்க வரிசையே முப்பதுதானே? அது ஓர வரிசைன்னு விட்டுட்டேன்."

"அதுதான் என்னோட முப்பது! எல்லாமே ஒரு வரிசை தள்ளியிருக்கு சார். நான் ராமனைக் கேட்டா நீங்க பக்கத்துல நின்ன லட்சுமணனைப் பார்த்து எழுதியிருக்கீங்க!" என்று நம்மூர்க்காரியாக இருந்தால் கத்தியிருப்பாள். குயென் கத்தியது அவள் ஊர்ப் பாஷையில், அதே அர்த்தத்தில்.

பாங் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார். "வசதியா இருக்கே அம்மா. இன்னைக்கு ஒண்ணு தள்ளிப் படிப்பீங்க. பொருந்தலைன்னா நாளைக்கு ரெண்டு தள்ளுவீங்க. எங்கயாவது ஒரு இடத்துல பொருந்தித்தான் தீரும்."

 அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லையென்றால் எல்லாம் போயிற்று.

குயென் கண்ணை மூடித் திறந்தாள். "பதினேழாவது பொட்டலம்," என்றாள். "அது மட்டும் கறுப்பு ஒட்டரிசியோட சேர்த்து ஒட்டுப் போட்டது. பொட்டலம் எங்கயாவது மாறிப்போனா கண்டுபிடிக்கணும்னே அப்படி ஒண்ணு வெச்சேன். தூரை விலக்கிப் பார்த்தா அடித்தண்டு கத்திரிக்காய் நிறத்துல இருக்கும். நீங்க சொல்றது சரின்னா அது பதினேழாம் கம்புல இருக்கணும். நான் சொல்றது சரின்னா பதினெட்டுல."

"இதை ஏன் காலையிலேயே பார்க்கல?"

"நீங்க சொன்னதை நம்பிட்டேன் சார்."

பாங் எழுந்தார். அவர் எழுந்ததும் பந்தி மொத்தமும் எழுந்தது. திதிக்கு வந்த அத்தனை பேரும் கையில் கிண்ணமும் குச்சியுமாக வரப்பில் வரிசை கட்டினார்கள். மாமனாரின் படம் மட்டும் ஊதுவத்திப் புகையோடு கூடத்தில் தனியாக இருந்தது.

வயலோரத்தில் பாங் ஒரு நொடி தயங்கினார். முதல் தடவை வரப்பில் நின்றபடியே கணக்கெடுத்தவர். இப்போது கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"ஹனோய்க் கால் எங்க சேத்துல இறங்கிடுச்சுடோய்!" என்றார் சித்தப்பா.

பதினேழாம் கம்பு. நெல் உயிரோடு நின்றது. பாங் குனிந்து தூரைப் பிளந்தார். அடித்தண்டு வெளிர் பச்சை. அடுத்த தூர், அதுவும் பச்சை. நிமிர்ந்து குயெனைப் பார்த்தார்.  அவர் ஓர் அடி நகர்ந்து பதினெட்டாம் கம்பின் முன்னால் குனிந்தார். நீண்ட நேரம் குனிந்தபடியே இருந்தார்.

"என்னாச்சு?" தாமால் பொறுக்க முடியவில்லை. "வாயைத் திறந்து சொல்லுங்க சார்!"

"கத்திரிக்காய்," என்றார் பாங். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "நல்ல கத்திரிக்காய் நிறம்."

வரப்பு ஆரவாரித்தது. பாங் கையை உயர்த்தி அடக்கினார். சேற்றுக் கையைச் சட்டையிலேயே துடைத்துவிட்டு, முன்பு குயென் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். "ஆரம்பத்திலிருந்து வருவோம். நான் பொட்டலத்தைப் படிக்கறேன். நீங்க கம்பைப் பார்த்துச் சொல்லுங்க. ஒண்ணாம் பொட்டலம், பிழைக்கும்."

தாம் இரண்டாம் கம்பின் முன்னால் போய் நின்றாள். இடுப்பளவு பச்சை. "உயிரோட இருக்கு!"

"ரெண்டாம் பொட்டலம், சாகும்."

"செத்துச்சு!"

"மூணு, சாகும்."

"செத்துச்சு!" இந்த முறை சித்தப்பாவும் சேர்ந்து கத்தினார்.

"நாலு, பிழைக்கும்."

"உயிர்!" என்று வரப்பே சொன்னது. படகுப் பந்தயத்தில் துடுப்புக்குத் துடுப்பு குரல் கொடுப்பார்களே, அப்படி ஆகிவிட்டது. உயிர் என்று கத்தும்போது கிண்ணத்தில் குச்சியால் தட்டினார்கள். சாவு என்று கத்தும்போதும் தட்டினார்கள். சரியாகச் செத்ததற்கும் பாராட்டு வேண்டாமா? தாவோ வகுப்பில் பேசுகிற குரலை மறந்துவிட்டு ஆட்டுக்கிடா மாதிரி கத்திக்கொண்டிருந்தான்.

"எட்டு, சாகும்."

பதில் வரவில்லை. ஒன்பதாம் கம்பின் முன்னால் தாம் தலையைக் குனிந்து நின்றாள். நெல் உயிரோடு இருந்தது. பக்கத்து வரிசைகளைவிட அரை சாண் உயரமாகவே இருந்தது.

குயென் வரப்பிலிருந்து ஓர் அடி முன்னால் வந்து பார்த்தாள்.

"மேலே போவோம்," என்றார் பாங், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "ஒன்பது, பிழைக்கும்."

"உயிர்!"

அதற்குப் பிறகு ஒரு தடங்கலும் இல்லை. பத்து, பதினைந்து, இருபது என்று வயலின் மறுகோடி வரைக்கும் காகிதம் சொன்னதை நெல் செய்திருந்தது. கடைசியில் முப்பத்தொன்றாம் கம்பு. யாரும் எண்ணிக்கையில் சேர்க்காத வரிசை. முப்பதாம் பொட்டலம் பிழைக்கும் என்று எழுதியிருந்தாள் குயென். அது கதிர் சாய்த்து நின்றது. பால் பிடித்து முற்றத் தொடங்கிய நெல், கடல் நீர் ஏறி இறங்கிய மண்ணில்.

பாங் ஒரு மணியைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். கரையேறி வந்தார். எல்லோர் முன்னாலும் குயெனிடம் சொன்னார்: "முப்பதுல ஒண்ணைத் தவிர எல்லாம் சரி. தப்பு உங்க மார்க்கர் மேல இல்ல. என் மேல. கம்பு இல்லாத வரிசைக்கு நானா நம்பர் போட்டது தப்பு."

அங்கேயே நின்று ஹனோய்க்குப் போன் போட்டார். நேற்று அனுப்பினதைத் தூக்கிப் போடுங்கள், புதிதாக எழுதி அனுப்புகிறேன் என்றார். எதிர்முனையில் யாரோ வாழை ஆராய்ச்சி பற்றி ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. "வாழை வேற இடம் பார்த்துக்கட்டும்! அடுத்த பருவம் இந்த நெல்லு மூணு மாகாணத்துல போகணும். டாக்டர் குயெனோட சோதனைச்சாலையில ஒரு ஜன்னலைக்கூட யாரும் தொடக் கூடாது," என்று இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கேட்கக் கத்தினார்.

குயென் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது அழலாம், வெங்காயம் தேவையில்லை. வாய்விட்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். தாவோ பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது கொடுக்க வேண்டுமே என்று தேடி, கையில் ஒன்றும் இல்லாமல் தன் கையையே கொடுத்தான்.

"அப்ப நான்?" என்றான் பொக்லைன்காரன், வண்டிச் சாவியைச் சுழற்றியபடி.

"நீ என்ன நீ? இன்னும் ரெண்டு உருளையைத் தின்னுட்டு வண்டியைத் திருப்பு," என்றாள் தாம். "என் வயல்ல மண்வெட்டியைத் தவிர ஒண்ணும் இறங்கக் கூடாது."

சித்தப்பா குடுவையைக் காட்டி எல்லோரையும் பந்திக்குத் திரும்ப ஓட்டினார். வயல் மெல்ல மெல்லக் காலியானது. குயென் மட்டும் எழுந்து ஒன்பதாம் கம்பை நோக்கிப் போனாள். கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். சந்தோஷத்தின் நடுவிலும் அந்த ஒற்றை வரிசை அவளை விடவில்லை. அவள் கோடு இல்லாத நெல், அவளுடையதைவிடச் செழிப்பாக நிற்கிறது. அப்படியென்றால் அவளுக்குத் தெரியாத வேறொரு மரபணு அதற்குள் இருக்கிறது. அதை நினைக்கும்போதே உடம்பு சிலிர்த்தது.

"என்ன பண்றீங்க?" பின்னாலேயே தாம் வந்திருந்தாள்.

"ஒரு இலை. சோதிச்சுப் பார்க்கணும். எட்டாம் பொட்டலம் எப்படிப் பிழைச்சுதுன்னு..."

"அது எட்டாம் பொட்டலம் இல்ல."

குயென் திரும்பிப் பார்த்தாள்.

"அதை எலி தின்னுடுச்சு அண்ணி. நீங்க வயித்துல தையலோட படுத்திருந்தீங்க. சொன்னா அப்படியே எழுந்து ஓடி வந்துடுவீங்க. அதான், என்கிட்ட இருந்த நெல்லைப் போட்டு வரிசையை நிரப்பிட்டேன்."

"உன்கிட்ட ஏது நெல்லு? வித்து நெல்லு எல்லாம் உப்புல போச்சுன்னு நீதானே சொன்னே? யார் குடுத்தா?"

 தாம் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினாள். அந்த வயலில் இவ்வளவு உப்பில் புல் எங்கே முளைத்தது என்று தெரியவில்லை. வெறும் சேற்றைத்தான் பிடுங்கியிருந்தாள். முப்பத்தெட்டு வயதில், ஊரையே வாயால் அடக்குகிற தாம், காது மடல் சிவக்க நின்றாள்.

"இலையைப் பார்த்தா எந்த வீட்டு நெல்லுன்னு கூடவா தெரிஞ்சுடும்?"

"சுத்துவட்டாரத்துல யார் யார் வீட்டுல என்ன வித்து இருக்கோ, அதையும் வாங்கி வெச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்."

தாமின் பார்வை ஒரு கணம் கால்வாயின் அக்கரைக்குப் போய்விட்டு வந்தது. அங்கே ஒரு தகரக் கூரை, ஒரு படகு, கயிற்றில் காயும் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று. திதிக்கு அத்தனை படகு வந்ததே, அந்தப் படகு மட்டும் வரவில்லை என்பது குயெனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னைக்கு வெட்டாதீங்க அண்ணி," என்றாள் தாம். இவ்வளவு மெல்லிய குரல் அவளிடம் உண்டு என்பதே குயெனுக்குத் தெரியாது. "அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னு சாகறதுக்கு முன்னால அப்பா என்கிட்டச் சத்தியம் வாங்கினார். அவருக்கு ஏத்தின ஊதுவத்தி இன்னும் எரிஞ்சுக்கிட்டிருக்கு."

கத்தரிக்கோலின் வாயில் இலை சிக்கியிருந்தது. ஓர் அழுத்து அழுத்தினால் போதும். பன்னிரண்டு வருஷமாக இப்படி ஆயிரக்கணக்கான இலைகளை அவள் யோசிக்காமல் வெட்டியிருக்கிறாள்.

குயென் இலையை விடுவித்தாள்.

"நாளைக்குக் காலையில வெட்டுவேன்," என்றாள். "அதுக்குள்ள நீயே அவர் பேரைச் சொல்லிடு, மூணு."